ரத்த அழுத்த மாத்திரை முதல் வலிப்பு மருந்து வரை: பல், ஈறுகளைப் பாதிக்கும் மருந்துகள் எவை?

நெய்யாற்றின்கரை: தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வசிப்போருக்கு, ஒருபுறம் திருவனந்தபுரம் மருத்துவமனைகளும் மறுபுறம் குமரி மாவட்ட மருத்துவமனைகளும் எட்டும் தொலைவில் உள்ளன. ரத்த அழுத்தத்திற்கு ஓரிடத்திலும் பல்லுக்கு வேறிடத்திலும் சிகிச்சை பெறும்போது, ஒரு மருத்துவர் எழுதிய மாத்திரை மற்றவருக்குத் தெரியாமல் போக வாய்ப்புண்டு. பல மருந்துகள் வாய் நலனை நேரடியாகப் பாதிப்பதால், இந்த இடைவெளி கவனத்திற்குரியது.

ஈறு வீக்கம்

ரத்த அழுத்தத்திற்குப் பரவலாகத் தரப்படும் அம்லோடிபின், நிபெடிபின், வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயின், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் தரப்படும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறுகளைத் தடிக்கச் செய்யும். ஃபெனிடோயினின் இந்த விளைவு 1939-லேயே பதிவு செய்யப்பட்டது. மருந்தைத் தொடங்கிய சில மாதங்களில், முன்பற்களின் இடையே உள்ள ஈறு முதலில் பருக்கும். பற்படலம் சேர்ந்திருந்தால் பாதிப்பு அதிகரிக்கும். இதை முதுமையின் விளைவு என ஒதுக்கிவிடக் கூடாது. பற்களைச் சுத்தம் செய்வதும், மருத்துவர் மாற்று மருந்து தருவதும் பலருக்கு நிவாரணம் அளிக்கும்.

வாய் உலர்தல்

ஒவ்வாமை, மன அழுத்தம், சிறுநீர்ப்பை கோளாறு ஆகியவற்றுக்கான மருந்துகள் பல, உமிழ்நீர்ச் சுரப்பைக் குறைக்கின்றன. உமிழ்நீரே அமிலத்தைச் சமன்செய்து பற்களைக் காப்பதால், அது குறைந்தால் சொத்தை விரைவாகப் பரவும். வறட்சியைப் போக்க மிட்டாய் சப்புவது நிலைமையை மோசமாக்கும். வெறும் தண்ணீரையோ, கேரள வீடுகளில் வழக்கமான சீரக வெள்ளத்தையோ சர்க்கரையின்றி அடிக்கடி சிறிதளவு பருகலாம்.

இன்ஹேலர், சிரப்

ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு இன்ஹேலரைப் பயன்படுத்திய பின் வாயைக் கொப்பளிக்காவிட்டால், நாக்கிலும் அண்ணத்திலும் வெண்ணிறப் பூஞ்சைத் தொற்று உண்டாகலாம். குழந்தைகளுக்கு இரவில் இனிப்பு சிரப் கொடுத்தால், அதன்பின் பல் துலக்க வேண்டும்.

பல் பிடுங்கும் முன்

எலும்புத் தேய்மானத்திற்கான அலென்ட்ரோனேட் மாத்திரையையோ, புற்றுநோய் சிகிச்சையில் சோலெட்ரோனிக் அமில ஊசியையோ பெறுவோருக்கு, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. மாத்திரை உட்கொள்வோருக்கு இது அரிது. புற்றுநோய்க்காக ஊசி பெறுவோருக்கு அதிகம். எனவே, இச்சிகிச்சையைத் தொடங்கும் முன்பே பல் பரிசோதனை செய்வது நல்லது. ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் உட்கொள்வோருக்கு ரத்தக்கசிவு நிற்கச் சற்று நேரமாகும்.

மருந்தை நிறுத்தலாமா?

கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தியவர் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் மாரடைப்பு ஏற்படலாம். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பலாம். ஈறு வீக்கத்தைவிட இவை மிகப் பெரிய ஆபத்துகள். மருந்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்பதை அதை எழுதிய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பல் மருத்துவரிடம் செல்லும்போது, எந்த மாநிலத்தில் வாங்கியதாயினும், உட்கொள்ளும் அனைத்து மாத்திரை அட்டைகளையும் மருந்துச் சீட்டுகளையும் உடன் எடுத்துச் செல்வதே பாதுகாப்பான வழி.