பொம்மைகள் ஏறிய கப்பல்

பெரும் புகழ் பெற்ற ஒரு நூலை எடுத்து, அதனைப் பொம்மைகளைக் கொண்டு நகைச்சுவையாக ஆடிக்காட்டுவது அந்நூலுக்குச் செய்யும் அவமதிப்பாகுமா? உயர்ந்த நூல் எனில் அதனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டுமேயன்றி, அதனோடு விளையாடலாகாது என்னும் எண்ணம் நம்மவரிடையே ஊறிக்கிடக்கிறது. அவ்வெண்ணம் பிழையானது என்பதை ஒரு திரைப்படத்தின் வரலாற்றைக் கொண்டு இங்கே காட்ட முற்படுகிறோம்.

'ட்ரெஷர் ஐலண்ட்' என்னும் ஆங்கில நவீனத்தை அறியாத ஆங்கிலப் பள்ளி மாணவர் அரியர். பத்து பாகாட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் இன்று கணக்கெழுதும் நாமும் பள்ளி நாளில் அதனைக் கற்றோம். எவ்வாறு கற்றோம்? அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதி, தேர்வுக்காக மனனம் செய்து கற்றோம். அது ஒரு சிறுவனை மகிழ்விக்க எழுந்த கதை என்பதை நமக்கு எவரும் சொல்லவில்லை. நாமும் ஒருமுறையேனும் சிரிக்கவில்லை.

அந்நூல் பிறந்த வகையோ வேறு. 1881ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் பிரேமார் என்னும் ஊரில், மழையால் வெளியே செல்ல வழியின்றி அடைபட்டிருந்த ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், தம் மனைவியின் மகனான லாயிட் என்னும் சிறுவனோடு விளையாட்டாக ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணந் தீட்டினார். அப்படத்திலிருந்தே கதை கிளைத்தது. நாள்தோறும் எழுதியதை மாலையில் வீட்டாருக்குப் படித்துக்காட்டினார். அவருடைய முதிய தந்தையாரும் சிறுபிள்ளை போல் அதில் கலந்துகொண்டு, இறந்த கொள்ளைக்காரனின் பெட்டிக்குள் இருந்த பொருள்களுக்குத் தாமே பட்டியல் எழுதித் தந்தாராம். முதலில் சிறுவர் பத்திரிகையொன்றில் தொடராக வெளிவந்து, 1883இல் நூலாயிற்று. விளையாட்டில் பிறந்ததொன்றை மீண்டும் விளையாட்டுக்கே அழைத்துச் செல்வதில் அவமதிப்பு எங்கே இருக்கிறது?

நிற்க. அமெரிக்க நாட்டில் ஜிம் ஹென்சன் என்பவர் 1955இல் தொலைக்காட்சிக்காகப் பொம்மலாட்டம் நடத்தத் தொடங்கினார். தாயாரின் பழைய மேலங்கித் துணியையும், இரண்டாகப் பிளந்த மேசைப்பந்தையும் கொண்டு அவர் செய்த பொம்மையே பின்னாளில் உலகெங்கும் அறியப்பட்ட கெர்மிட் என்னும் தவளை. விலையுயர்ந்த பொருளன்று, கைத்திறனும் கற்பனையுமே கலையின் முதல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஹென்சன் 1990இல் காலமானார். தந்தை விட்டுச்சென்ற பொம்மைகள் இனி ஆடுமா என்று பலர் ஐயுற்றனர். அவர் மகன் பிரையன் ஹென்சன், 1992இல் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையைப் பொம்மைகளைக் கொண்டு படமாக்கி அவ்வையத்தைப் போக்கினார். அடுத்து அவர் கைக்கொண்டதே ஸ்டீவன்சனின் கதை. 'மப்பெட் ட்ரெஷர் ஐலண்ட்' என்னும் அப்படம் இங்கிலாந்தின் ஷெப்பர்ட்டன் படப்பிடிப்பு நிலையத்தில் உருவாகி, 1996இல் வெளிவந்தது.

இப்பொம்மைகளை இயக்கும் முறை அறிந்துகொள்ளத்தக்கது. நம் நாட்டு மரப்பொம்மையைப் போல் இவை மேலிருந்து கயிற்றால் ஆட்டப்படுவன அல்ல. ஆட்டுவிப்போர் கீழே நின்று, ஒரு கையைத் தலைக்குமேல் உயர்த்திப் பொம்மையின் வாயை அசைப்பர். மறு கையால் மெல்லிய கம்பி கொண்டு அதன் கைகளை அசைப்பர். அவர்கள் மறைந்து நிற்பதற்காகவே காட்சி மேடைகள் தரையினின்று உயர்த்திக் கட்டப்படுகின்றன. பொம்மை எப்படித் தோன்றுகிறது என்பதை அருகிலுள்ள சிறு திரையிற் பார்த்தபடியே இயக்க வேண்டும். அத்திரையோ கண்ணாடி போல் காட்டுவதன்று; ஆதலின் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தடுமாறச் செய்து, புதிதாய்ப் பயில்வோரை அலைக்கழிக்கும். திரையில் ஒரு நொடி எளிதாய்த் தலையசைக்கும் தவளைக்குக் கீழே, கை கடுக்க நிற்கும் ஒரு மனிதன் இருக்கிறான். உழைப்பவன் மறைந்திருக்க, உருவம் மட்டும் புகழ்பெறுவது தோட்டத்து மக்களாகிய நமக்குப் புதிய செய்தியன்று.

இனிக் கதையை அவர்கள் கையாண்ட விதத்தைக் காண்போம். கப்பல் தலைவனாகக் கெர்மிட் தவளை வருகிறது. கப்பலுக்குப் பொருளுதவும் செல்வந்தராக ஒரு கரடி வருகிறது. நூலில் தீவில் தனித்து விடப்பட்ட பென் கன் என்னும் ஆடவன், படத்தில் பென்ஜமினா என்னும் பெயர் பூண்ட பன்றிச் சீமாட்டியாகிவிடுகிறான். கொள்ளைக்காரன் தோளிலிருந்த கிளிக்குப் பதிலாக ஒரு கடல் இறால் அமர்ந்திருக்கிறது. ஒருவன் இறந்து விழும்போது, இது குழந்தைகள் படமாயிற்றே என்று ஓர் எலி முறையிடுகிறது.

ஆயினும் முதன்மையான இரண்டு பாத்திரங்களை அவர்கள் பொம்மையாக்கவில்லை. ஒற்றைக்கால் கொள்ளைக்காரனாகிய லாங் ஜான் சில்வராக டிம் கரி என்னும் நடிகரும், சிறுவன் ஜிம்மாகக் கெவின் பிஷப் என்னும் இளைஞரும் மனிதராகவே நடித்தனர். காரணம் யாதெனில், கதையின் உயிர் அவ்விருவரிடமே இருக்கிறது. தந்தையற்ற சிறுவன் ஒருவன், அன்பு காட்டும் ஒரு கயவனை நேசிக்கிறான். கயவனும் தன்னையறியாமல் அச்சிறுவனை நேசித்துவிடுகிறான். இறுதியில் துப்பாக்கியை நீட்டிய சில்வரால் ஜிம்மைச் சுட முடியவில்லை. அவனைக் காட்டிக்கொடுக்க ஜிம்முக்கும் மனம் வரவில்லை. சுற்றிலும் ஆயிரம் கேலி நடந்தாலும், இவ்விடத்தை மட்டும் படம் கேலி செய்யவில்லை. எதைப் பார்த்துச் சிரிக்கலாம், எதைச் சிரிக்காமல் விட்டுவிட வேண்டும் என்று அறிவதே நகைச்சுவையின் இலக்கணம். அதை அறிந்தவன் கையில் மூலநூல் கெடுவதில்லை.

குற்றமே இல்லாத படம் என்று நாம் கூறவில்லை. ஸ்டீவன்சனின் தீவில் மக்கள் குடியிருப்பு இல்லை. படமோ அத்தீவில் காட்டுப்பன்றிகளைப் பூர்வ குடிகளாக்கி, தாரை தப்பட்டை முழங்க ஆடவிட்டு, வெளியிலிருந்து வந்த சீமாட்டியை அவர்கள் அரசியாகத் தொழுவதாகக் காட்டுகிறது. பழைய பயணக்கதைகளைக் கேலி செய்வதே நோக்கமாயினும், அக்கதைகளில் இழிவுபடுத்தப்பட்ட மக்களின் வழிவந்தோர்க்கு இச்சிரிப்பு முழுமையாய் இனிக்காது. ஜொகூர்க் கரையில் வாழும் நமக்குக் 'கடற்கொள்ளைக்காரன்' என்னும் சொல்லின் வரலாறும் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நீரிணையிற் படகோட்டிய மலாய்க்காரர் பலருக்கு ஆங்கிலேயர் அப்பெயரைச் சூட்டினர். 1840களில் தெமெங்கோங் இப்ராகிம் கடற்கொள்ளையை அடக்க அவர்களோடு ஒத்துழைத்தே தம் செல்வாக்கை வளர்த்தார். கொள்ளைக்காரன் யார் என்பதை எழுதுகோல் பிடித்தவனே பல நேரங்களில் தீர்மானிக்கிறான்.

இவ்வளவும் கேட்ட அன்பர் சிலர், 'இது மேனாட்டார் வித்தை, நமக்கென்ன?' என்று வினவலாம். அவர்களுக்கு நம் விடை இதுவே: இவ்வித்தை நம் வீட்டுச் சொத்து. தமிழ்நாட்டுத் தோல்பாவைக்கூத்தில் இராமன் கதை நடக்கும்போதே, உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரையிற் புகுந்து ஊர் வழக்கையும் பேசி, மக்களைச் சிரிக்கவைக்கவில்லையா? கதைத்தலைவர் பேசத் துணியாததை அக்கோமாளிகள் பேசினர். நம் பத்து பாகாட்டிலும் ஜாவாவிலிருந்து குடியேறிய மக்கள் வாயாங் கூலிட் என்னும் நிழற்கூத்தைத் தம்மோடு கொண்டுவந்தனர். அதிலும் பாண்டவர் அருகே செமார் என்னும் தொந்தி பெருத்த பணியாள் நின்று, அரசகுமாரருக்கே அறிவுரை கூறுகிறான். பெருங்காப்பியத்தினுள் கோமாளியை நடமாடவிட்ட துணிவு ஹென்சனுக்கு முன்பே நம் பாட்டன்மார்க்கு இருந்தது.

அத்துணிவு இந்நாட்டில் அற்றுப்போகவுமில்லை. திந்தோய் சுவோ என்னும் வடிவமைப்பாளரும் கிளந்தானைச் சேர்ந்த பாக் டாயின் என்னும் கூத்துக் கலைஞரும் கைகோத்து, 'ஸ்டார் வார்ஸ்' என்னும் அமெரிக்கப் படத்தின் பாத்திரங்களைத் தோலில் வெட்டி, 2013இல் நிழற்கூத்தாக ஆடிக்காட்டினர். சீனர் ஒருவரும் மலாய்க்காரர் ஒருவரும் மேனாட்டுக் கதையை நம் விளக்கொளியில் நிறுத்திவிட்டனர். தமிழர் பங்கு யாது?

தோட்டத்துப் பிள்ளைகளிடம் ஒரு நூலைக் கொடுக்கும்போது, பொருள் எழுதும் ஏட்டோடு ஒரு பழந்துணியையும் இரண்டு பொத்தான்களையும் சேர்த்துக் கொடுப்போம். அவர்கள் பொம்மை செய்து அக்கதையை ஆடட்டும், தவறாகவே ஆடட்டும். நாம் பள்ளியிற் சிரிக்காமற் கற்ற கதையை அவர்கள் சிரித்துக் கற்கட்டும். சிரித்துக் கற்ற பிள்ளை நூலைக் கண்டு அஞ்சாது. நூலைக் கண்டு அஞ்சாத பிள்ளை, நாளை எவரைக் கண்டும் வீணே அஞ்சாது.