பழைய தோட்டா, கனமான குண்டு: கரமோஜோ பெல் போட்ட கணக்கு

ஆயிரத்துக்கு மேல யானைகளைக் கொன்ற ஒருத்தர், அதில் பெரும்பாலானவற்றை ஒரு சாதாரண சிப்பாயின் தோட்டாவாலதான் கொன்றார்னு சொன்னா நம்புவீங்களா?

வால்டர் பெல். 1880இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இன்றைய உகாண்டாவின் கரமோஜா பகுதியில் தந்தத்துக்காக வேட்டையாடியதால் 'கரமோஜோ பெல்' என்ற பேர் ஒட்டிக்கிச்சு. மொத்தம் 1,011 யானைகள். அதில் சுமார் 800, 7×57 மவுசர் தோட்டாவால். 1893இல் ஸ்பெயின் ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா அது. போயர் போரில் பிரிட்டிஷ்காரர்களைத் திணறடித்ததும் இதேதான்.

ஒரு சின்ன விளக்கம். தோட்டான்னா பித்தளைக் கூடு, மருந்து எல்லாம் சேர்ந்தது. துப்பாக்கியிலிருந்து பறந்து போறது குண்டு. இன்றைய பேச்சு குண்டைப் பற்றி.

அந்தக் காலத்து யானை ரைஃபிள்களில் .577 என்று ஒன்று உண்டு. குண்டே 48 கிராம். தூக்கிச் சுமக்க ஆள் வேணும், சுட்டால் தோள்பட்டை காலி. பெல்லின் குண்டு 11.2 கிராம். ஆற்றலை ஜூலில் பார்த்தால் .577-இன் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஸ்பெக் ஷீட்டை மட்டும் பார்க்கிறவர் இதைத் தொடவே மாட்டார்.

ஆனா பெல் வேறொரு எண்ணைப் பார்த்த மாதிரிதான் வேலை செய்தார். குண்டின் எடையை அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுங்க. எவ்வளவு சின்ன முகப்புக்குப் பின்னால் எவ்வளவு எடை தள்ளுது என்று அது சொல்லும். பவுண்டு, அங்குலக் கணக்கில் .577-க்கு சுமார் 0.31 வருது. பெல்லின் நீளமான, மொட்டை மூக்கு குண்டுக்கும் கிட்டத்தட்ட அதே 0.31! அதே 7 மில்லிமீட்டரில் 9 கிராம் குண்டைப் போட்டால் 0.25-க்கு இறங்கிடும். துளைத்துக்கொண்டு உள்ளே போகிற விஷயத்தில் இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

சரி, இவ்வளவு ஆழம் எதுக்கு? யானையின் மூளை மண்டையோட்டின் பின்பகுதியில், ரொம்ப உள்ளே இருக்கு. அதைச் சுற்றி தேன்கூடு மாதிரி காற்றறைகள் கொண்ட எலும்பு. பெல் யானை மண்டையோடுகளை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, மூளை எங்கே இருக்கு என்று பார்த்துப் படித்தவர். ஓடுகிற யானையைப் பின்பக்கமிருந்து சாய்வாக, கழுத்துத் தசை வழியே மூளைக்குச் சுடும் கோணத்துக்கு இன்றும் அவர் பேர்தான். அதுக்கு குண்டு நேராகப் போகணும். விரியக் கூடாது, வளையக் கூடாது, திரும்பக் கூடாது.

இங்கதான் எனக்குப் பிடிச்ச திருப்பம். அதே வருஷங்களில் ராணுவங்கள் குண்டை 'அப்கிரேட்' செய்தன. 1905இல் ஜெர்மனி தன் 8 மில்லிமீட்டர் குண்டை 14.7 கிராமிலிருந்து சுமார் 10 கிராமுக்குக் குறைத்து, கூர்மூக்கு ஆக்கியது. 1910இல் பிரிட்டன் .303 குண்டை 13.9-இலிருந்து 11.3 கிராமுக்கு இறக்கியது. காரணம் நியாயமானது. வேகமான குண்டு தட்டையாகப் பறக்கும்; சிப்பாய் தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் பெரிசாகத் தவறாது. ஆனால் கூர்மூக்கு குண்டின் எடை பின்பக்கம் சேர்ந்திருக்கும். காற்றில் அதை நேராக வைத்திருக்கிற சுழற்சி, அடர்த்தியான தசைக்குள் போதாது. உள்ளே போனதும் குட்டிக்கரணம் அடிக்கும். போர்க்களத்துக்கு அது குறையில்லை. யானை முன்னால் நிற்கிறவருக்கு உயிர்ப் பிரச்சினை. ராணுவம் கைவிட்ட 'லெகசி வெர்ஷன்'தான் அவருக்குத் தேவைப்பட்டது.

ஆனா எல்லா மிருகத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. மானை இப்படிச் சுட்டால் குண்டு மெல்லிய துளை போட்டு மறுபக்கம் போயிடும். மான் வெகுதூரம் ஓடி, மெல்லச் சாகும். அதுக்கு மூக்கு மிருதுவான, உள்ளே விரிகிற குண்டு வேணும். கொல்கத்தா பக்கத்து டம் டம் ஆயுதசாலையில் 1890களில் .303-க்கு அப்படி ஒன்றைச் செய்தாங்க. மனுஷங்க மேல பயன்படுத்த. 1899 ஹேக் மாநாடு, போரில் விரியும் குண்டு கூடாதுன்னு அறிவித்தது. இன்னைக்கு பிரிட்டனில் மான் சுட விரியும் குண்டுதான் கட்டாயம். போரில் கொடூரம் என்று விலக்கியது, காட்டில் கருணைன்னு சட்டம்!

பெல்லை நான் ஹீரோவாகச் சொல்லலை. 1,011 என்பது தந்த வியாபாரத்தின் கணக்கு. அவருடைய முறையில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. அந்தக் குண்டு மூளையைத் தொட்டால் யானை நின்ற இடத்திலேயே விழும். ஒரு சாண் தள்ளிப் போனால்? பெரிய ரைஃபிளின் அடியில் யானை தடுமாறும். அடுத்த குண்டுக்கு நேரம் கிடைக்கும். 7 மில்லிமீட்டர் அந்த நேரத்தைக் கொடுக்காது. காயம்பட்ட யானை ஒன்று சுட்டவர் மேல பாயும், இல்லைன்னா புதருக்குள் போய் நாள்கணக்கில் சாகும். பெல்லின் கண்ணும் கையும் எல்லாருக்கும் கிடையாதே. பின்னாளில் பல ஆப்பிரிக்க நாடுகள் யானைக்கு .375-க்குக் குறைவான ரைஃபிளைச் சட்டத்தாலேயே தடை செய்தன. பெல் இன்று உயிரோடு வந்தாலும் அந்த நாடுகளில் தன் மவுசரோடு யானை வேட்டைக்குப் போக முடியாது.