பிறர் கலத்தில் வானப் பயணம்

கடல் வாணிகத்தில் கலம் உடையாரும் இருந்தனர். கூலி கொடுத்துப் பிறர் கலத்தில் சரக்கேற்றியோரும் இருந்தனர். விண்வெளியில் மலேசியா இரண்டாம் வகையினது.

பிரிக்பீல்ட்ஸில் பிறந்த தமிழர் ஆனந்த கிருஷ்ணனின் நிறுவனம், 1996 சனவரியில், அமெரிக்கர் அமைத்த மீசாட்-1 செயற்கைக்கோளை ஐரோப்பியரின் ஏரியன் ஏவூர்தியில் அனுப்பிற்று. நாட்டின் முதற் செயற்கைக்கோள் அதுவே. அவ்வாண்டே ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு தொடங்கிற்று. கோலாலம்பூர், கிள்ளான் வீட்டுக் கூரைகளில் வட்டத் தட்டுகள் முளைத்தன.

அரசு 18 சுகோய் போர்விமானங்களை வாங்கியதன் பயனாக, 2007இல் ஷேக் முஸாபர் ருஷ்யக் கலத்தில் விண்வெளி சென்றார். 2009இல் ரசாக்சாட், அமெரிக்க ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஏவூர்தியில் ஏறிற்று. அந்நிறுவனம் சுற்றுப்பாதையில் சேர்த்த முதல் வணிகச் சரக்கு அது.

கலமுடையார் மூவர் போட்டியிட்டமையாலேயே சிறுநாடு பேரம் பேச முடிந்தது எனலாம். கலம் ஒருவரிடமே எஞ்சுமாயின், கூலியையும் அவரே வகுப்பார்.