பாரசீக இசைக் கலப்பு (கரிசல் வட்டாரம்)

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அவற்றுக்குத் தெற்கே எட்டயபுரம் வரை நீளும் கரிசல் வட்டாரத்துக்குப் பாரசீகச் சாயல் நேராக வந்து சேரவில்லை. தில்லி, லக்னோ தர்பார்களில் இந்துஸ்தானி சங்கீதத்தோடு கலந்து முதிர்ந்த பிறகுதான் வந்தது. வந்த வழிகள் இரண்டு: ஜமீன் அரண்மனை, நாடகக் கொட்டகை.

அரண்மனை வழி முத்துசாமி தீட்சிதருடையது (1775–1835). இளமையில் சிதம்பரநாத யோகியுடன் சில ஆண்டுகள் காசியில் தங்கியவர். அங்கே கேட்டதன் தடம் அவர் கையாண்ட யமுனா கல்யாணி ராகத்தில் தெளிவாகத் தெரியும். வடக்கே அதன் இணை யமன் கல்யாண். யமனை உருவாக்கியவர் அமீர் குஸ்ரோ (1253–1325) என்பது செவிவழிச் செய்தி. வலுவான சான்று கிடையாது. திருவானைக்காவல் ஜம்புகேசுவரர்மீது பாடிய 'ஜம்பூபதே'யில் பிரதி மத்தியமம் ஆண்டுகொண்டிருக்க, சுத்த மத்தியமம் இடையிடையே தலைகாட்டிவிட்டுப் போகும். நடை இந்துஸ்தானி துருபத் பாணியைப் போல விளம்பம். அவசரப்பட்டுப் பாடினால் ராகமே கெட்டுவிடும். கடைசிக் காலத்தில் எட்டயபுரம் ஜமீன் அரண்மனைக்கு வந்த தீட்சிதர் அந்த ஊரிலேயே 1835 தீபாவளியன்று மறைந்தார். சிவகாசி வெடி ஊரெங்கும் முழங்கும் நாள்தான் எட்டயபுரத்தில் அவருக்கு அஞ்சலி நாள். 1904இல் அதே ஊரில் அச்சான 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யில் சுப்பராம தீட்சிதர் முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைக் கமகக் குறிகளோடு சுரப்படுத்தினார். வெளியிலிருந்து வந்த ராகங்களுக்குத் 'தேசியம்' என்று பெயரிட்டார். உசேனி, நவரோஜ் என்ற ராகப் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு அவை பாரசீகத்தவை என்று சொல்லிவிட முடியாது. பாடும் முறை முழுக்கத் தெற்கத்தியது.

கலப்பு பாமரர் காதுக்கு எட்டியது நாடகத்தால்தான். பம்பாய்ப் பார்சி நாடகக் குழுக்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை வரை வந்து ஆடின. பாரசீகத்திலிருந்து வந்து உருதுவில் வளர்ந்த கஜல், அதனுடன் தும்ரி, தாத்ரா எல்லாம் அவற்றோடு வந்தன. தமிழ் நாடகக்காரர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு, பாட்டுப் புத்தகங்களில் 'பார்சி மெட்டு', 'இந்துஸ்தானி மெட்டு' என்று தலைப்பிட்டார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் இதற்குத் தேவையும் இருந்தது. வள்ளி ஓர் ஊரிலிருந்தும் முருகன் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள், ஒத்திகை கிடையாது. மெட்டின் பெயரைச் சொன்னால் ஆர்மோனியக்காரர் சுருதி பிடித்துப் பின்பாட்டையும் தொடங்கிவிடுவார்.

சிவகாசியில் பிறந்த எஸ்.எஸ்.விசுவநாத தாஸ் (1886–1940) இந்த மேடையில் வளர்ந்தவர். புராண நாடகத்துக்கு நடுவே சுதந்திரப் பாட்டுகளைப் புகுத்திப் பலமுறை சிறை சென்றார். கேட்டுப் பழகிய மெட்டாக இருந்தால் புதுச் சொல்லும் கூட்டத்தோடு சட்டென ஒட்டிக்கொள்ளும். போலீஸ் அந்தப் பாட்டுகளுக்கு அஞ்சியதில் வியப்பில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அதற்குள் பேசும்படம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நாடக நடிகர்களே திரைக்குப் போனதால் மெட்டுகளும் கூடவே போயின. பாட்டுப் புத்தகத்தில் 'பார்சி மெட்டு' இருந்த இடத்தில் மெல்ல மெல்ல இந்திப் படப் பாட்டுகளின் பெயர்கள் ஏறின.