மருந்துக்கு முன்: சித்தூர் வட்டாரத்தின் மிஷன் செவிலியர்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் மருத்துவ வரலாறு இதுவரை மருத்துவர்களின் பெயர்களைச் சுற்றியே எழுதப்பட்டு வந்திருக்கிறது. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியத்தைப் பற்றிப் பேசுவோர் டென்மார்க்கு நாட்டு மருத்துவரான கிறிஸ்டியன் ஃபிரிமோட் மோலரையும், அவருக்குப் பின் ஆய்வுப் பணியை வளர்த்த மகன் யோஹன்னஸையும், அங்கே பணியாற்றிப் பின்னர் இந்திய அரசின் காசநோய் ஆலோசகரான பி. வி. பெஞ்சமினையும் மறவாமல் குறிப்பிடுவர். ஆனால் 1912இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் முதல் முப்பது ஆண்டுகளில் காசநோய்க் கிருமியைக் கொல்லக்கூடிய மருந்து உலகில் எங்குமே புழக்கத்துக்கு வந்திருக்கவில்லை. சிகிச்சை என்ற பெயரில் நோயாளிக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி ஓய்வும் உணவும் காற்றும் கண்காணிப்பும்தான். அவற்றை நாள்தோறும் நடத்திக் காட்டியவர்கள் செவிலியர். அவர்களில் பெரும்பாலோருடைய பெயர்கள் மிஷன் ஆண்டறிக்கைகளின் கடைசிப் பக்கங்களைத் தாண்டி வெளியே வரவில்லை.

இவ்வட்டாரத்தில் மிஷன்கள், அதாவது மேனாட்டுத் திருச்சபைகள் சமயப் பரப்பலுக்காக அனுப்பிய அமைப்புகள், கால்கொண்ட முறையை முதலில் சுருக்கமாகக் காணலாம். 1911 ஏப்ரல் 1 வரை சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது; அன்றுதான் வட ஆர்க்காட்டின் வடபகுதிகளோடு கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும் சேர்த்துச் சித்தூர் தனி மாவட்டமாக்கப்பட்டது. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்கட்டர் குடும்பத்தார் 1853இல் முறையாக நிறுவிய ஆர்க்காடு மிஷனுக்கு வேலூர், ஆரணி, ராணிப்பேட்டையோடு சித்தூரும் பின்னர் மதனப்பள்ளியும் நிலையங்களாயின. திருப்பதி, காளஹஸ்தி பக்கம் ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனுக்கு உரியதாயிற்று. முதல் உலகப் போர் அந்த ஜெர்மானியர்களின் பணியைக் குலைத்தபின் அமெரிக்க லுத்தரன்கள் அவ்விடத்தை ஏற்றனர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் எல்லைப்பகுதி இது என்பதால் இங்கே அனுப்பப்பட்ட மிஷனரிக்கு ஒரு மொழி போதவில்லை.

மிஷன் மருத்துவமனை ஒன்றைக் கட்டுவது எளிது, அதற்குச் செவிலியரைத் தேடுவது அரிது என்பதை ஆர்க்காடு மிஷன் விரைவிலேயே உணர்ந்தது. பிறர் உடலைத் துடைப்பதும் மலமூத்திரக் கலங்களை எடுப்பதும் தீண்டாமை வேரூன்றிய சமூகத்தில் தாழ்த்தப்பட்டோர்க்குரிய வேலையாகக் கருதப்பட்டன. அதிலும் அயலாரான ஆண்களுக்கு ஒரு பெண் இரவில் விழித்திருந்து பணிவிடை செய்வது குடும்ப மானத்துக்கு இழுக்கு எனப்பட்டது. ஆகவே முதல் தலைமுறைப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் மதம் மாறிய ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்களாகவும், மிஷன் விடுதிகளில் வளர்ந்த அநாதைகளாகவும், மறுமணத்துக்கு வழியற்ற விதவைகளாகவும் இருந்தனர். ஐடா ஸ்கட்டர் 1902இல் வேலூரில் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனையில், அமெரிக்காவில் பயிற்சி பெற்ற டெலியா ஹூட்டன் 1909இல் தொடங்கிய செவிலியர் பள்ளி இவ்வட்டாரம் முழுவதற்கும் நாற்றங்கால் ஆயிற்று. 1911இல் மதனப்பள்ளியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக மேரி லாட் லைல்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டபோது, அங்கும் வார்டு வேலையும் வகுப்பும் ஒன்றாகவே நடந்தன. மாணவியின் உழைப்பே மருத்துவமனையின் ஆள்பலம் என்ற இந்த ஏற்பாட்டில் கல்வி எது, மலிவான வேலை எது என்று பிரித்தறிவது கடினம். இது மிஷன்களுக்கு மட்டும் உரிய குறையன்று, லண்டனிலும் நியூயார்க்கிலும் அன்று செவிலியர் பள்ளிகள் அப்படித்தான் நடந்தன.

வெளிநாட்டிலிருந்து வந்த செவிலியரின் வாழ்க்கை கண்டிப்பான விதிகளுக்கு உட்பட்டிருந்தது. அவர் பெரும்பாலும் திருமணமாகாதவராக இருப்பார். திருமணம் செய்துகொண்டால் தம் பதவியையும் ஊதியத்தையும் இழந்து மிஷனரியின் மனைவி என்ற ஊதியமில்லாத நிலைக்கு மாறுவதே வழக்கம். ஆர்க்காடு மிஷனுக்கு வந்த பெண்களை அனுப்பி ஆதரித்தது அவர்களது திருச்சபையின் பெண்கள் 1875இல் நிறுவிய தனி வாரியம்; அமெரிக்கச் சிற்றூர்த் திருச்சபைப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த காணிக்கையிலிருந்தே கட்டிலும் கட்டுத்துணியும் வந்தமையால், அவர்களுக்குத் தவறாமல் கடிதம் எழுதுவதும் பணியின் ஒரு கூறாக இருந்தது. வந்தவுடன் வார்டில் கால் வைக்க இயலாது. மொழித் தேர்வுகளில் தேறிய பின்னரே முழுப் பொறுப்பு. கோடையில் கொடைக்கானல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தாயகத்துக்கு நீண்ட விடுப்பு. ஓய்வுக்கெனப் பெயர்பெற்ற அவ்விடுப்பிலும் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்ட வேண்டியிருந்தது.

இவர்கள் வகித்த இடம் இரட்டை முகம் கொண்டது. தம் நாட்டில் மருத்துவரின் சொல்லுக்குக் கீழ்ப்படிய வேண்டிய நடுத்தரக் குடும்பத்துப் பெண், இங்கே வெள்ளை நிறத்தின் பலத்தால் ஒரு மருத்துவமனையின் மேலாளராக உயர்ந்தார். மேட்ரன் எனப்பட்ட தலைமைச் செவிலியர் பணியாளர் நியமனம், சமையலறை, சலவை, கணக்கு, மாணவியரின் ஒழுக்கம் ஆகிய எல்லாவற்றையும் பார்த்தார். இந்தியச் செவிலியர் அதே தகுதியுடன் அந்நாற்காலியில் அமரப் பல பத்தாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அர்ப்பணிப்பை மட்டும் போற்றும் நினைவுமலர்கள் இதைச் சொல்வதில்லை. இன ஆதிக்கத்தை மட்டும் காணும் விமர்சனங்களோ, பெண் ஒருத்தி தன் கையெழுத்திட்டு மாதச் சம்பளம் வாங்கும் முதல் வழிகளுள் ஒன்று இந்தப் பள்ளிகளில்தான் திறந்தது என்பதைக் கவனிப்பதில்லை.

காசநோய் அன்று ‘சயரோகம்’ என்ற பெயரால் அஞ்சப்பட்டது. நெருக்கமான விடுதிகளும் பள்ளிகளும் நடத்திய மிஷன்களுக்கு அது நெருங்கிய கவலையாகவும் இருந்தமையால், தென்னிந்தியாவின் பல மிஷன்கள் தம் சபை வேறுபாடுகளை ஒதுக்கிவைத்து ஒன்றுகூடி 1912இல் மதனப்பள்ளியில் ஐக்கிய மிஷன் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கின. ஆர்க்காடு மிஷன் மருத்துவரான லூயிசா ஹார்ட் தொடக்கப் பணியைக் கவனித்தார். 1915இல் நிறுவனம் ஊருக்கு வெளியே, பின்னர் ஆரோக்கியவரம் எனப் பெயர் பெற்ற புதிய வளாகத்துக்குச் சென்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரமும் குறைந்த மழையும் வறண்ட காற்றும் அவ்விடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமாயின. சானடோரியம் என்பது நோயாளியை மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் வீட்டிலிருந்து பிரித்துத் திறந்த காற்றில் ஒழுங்குமுறைக்குள் வைத்துத் தேற்றும் இல்லம். ஹெர்மன் பிரேமர் 1850களில் ஜெர்மனியின் கோர்பர்ஸ்டார்ஃபில் முன்மாதிரியாக அமைத்தது அது. மருத்துவர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தை அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் இன்னும் சென்னைவாசிகளுக்கு நினைவூட்டுகிறது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் மூத்தது மதனப்பள்ளி.

சானடோரியத்தில் செவிலியரின் வேலை பொது மருத்துவமனையின் வேலையிலிருந்து பெரிதும் வேறுபட்டது. ஒருநாளில் பலமுறை உடல்வெப்பமும் நாடியும் எடுத்து வரைபடத்தில் குறிப்பதே அடிப்படைக் கடமை. ஏனெனில் மாலையில் அரை டிகிரி ஏறும் காய்ச்சலே நோய் உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருப்பதைக் காட்டிய அறிகுறி. காய்ச்சல் தணிந்தவரைச் சிறிது நேரம் உட்காரவும், பின் சிறிது தூரம் நடக்கவும், பின் தோட்டத்தில் இலேசாக வேலை செய்யவும் படிப்படியாக அனுமதிக்கும் முறை இங்கிலாந்தின் ஃபிரிம்லி சானடோரியத்தில் மார்க்கஸ் பேட்டர்சன் வகுத்தது. எந்தப் படியில் நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவர் எழுதினாலும், நோயாளி அதை மீறாமல் காப்பது செவிலியரின் பொறுப்பாயிற்று. ஒவ்வொருவருக்கும் மூடியிட்ட எச்சில் கோப்பை தரப்பட்டது. அதன் அளவையும் நிறத்தையும் பார்த்து எழுதுவதும், இரத்தம் கலந்திருந்தால் உடனே அறிவிப்பதும், கோப்பையைக் கிருமிநீக்கம் செய்வதும் நோய் பரவாமல் தடுத்த முக்கிய அரண். கண்ட இடத்தில் துப்பும் பழக்கமுள்ளவருக்கு அதை மாற்றுவித்தல், எடை கூட வேண்டுமென்று பாலும் முட்டையும் வற்புறுத்தி உண்ணவைத்தல், வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அழுபவரைத் தேற்றுதல் ஆகியவை எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒரு பத்திக்கு மேல் இடம்பெறாத கலைகள்.

மருந்து வருவதற்கு முந்தைய அந்த ஆண்டுகளில் அறுவை சார்ந்த முறைகளும் வந்தன. ‘ஏ.பி.’ என்று நோயாளிகளே சுருக்கி அழைத்த செயற்கை நெஞ்சுக்காற்று முறையில், விலா எலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தி நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்றேற்றி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்கவைத்து ஓய்வளித்தனர். ஏற்றிய காற்றை உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் குறிப்பிட்ட இடைவெளியில் ஆண்டுக்கணக்கில் மீண்டும் நிரப்ப வேண்டும். ஊசி போடுபவர் மருத்துவர். கருவியைத் தயாரித்து, நோயாளியின் மூச்சையும் உதட்டு நிறத்தையும் நோக்கியபடி அருகில் நின்று, அன்றிரவு முழுதும் திணறல் வருகிறதா என்று பார்ப்பவர் செவிலியர். 1920களில் டென்மார்க்கில் உருவான சானோகிரிசின் என்னும் தங்க உப்பு ஊசியும் உலகின் பல சானடோரியங்களில் சிலகாலம் பெரும் நம்பிக்கையோடு போடப்பட்டுப் பின் கைவிடப்பட்டது. அதன் நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்குவதைக் கண்டறியச் சிறுநீரை ஓயாது சோதிக்க வேண்டியிருந்தது. பலன் ஐயத்துக்குரிய சிகிச்சைகளில் நோயாளியைப் பிழைக்கவைத்தது சிகிச்சையா, அதைச் சுற்றி நடந்த பராமரிப்பா என்ற வினாவுக்கு அன்றைய பதிவேடுகளைக் கொண்டு விடை காண்பது அரிது.

இப்பணியில் உயிராபத்தும் இருந்தது. ஓஸ்லோவின் உல்லவோல் மருத்துவமனையில் யோஹன்னஸ் ஹைம்பெக் 1920களில் செய்த ஆய்வு இதை ஐயமின்றி நிறுவியது: பயிற்சிக்குச் சேர்ந்த மாணவியருள் ஏறத்தாழப் பாதிப்பேர் காசநோய்க் கிருமித் தொற்று இல்லாதவர்களாக வந்து, மூன்றாண்டுப் படிப்பு முடிவதற்குள் அநேகமாக எல்லோருமே தொற்றுக்கு ஆளாயினர், சிலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். தொற்று உண்டா என்பதைத் தோலில் டியூபர்குலின் ஊசியிட்டுக் கண்டறிந்த அவர், தொற்றில்லாத மாணவியருக்குப் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டுப் பயன் கண்டார். வயது வந்தோரிடத்தில் அத்தடுப்பூசியின் மதிப்பு முதன்முதலில் பரவலாக நம்பப்பட்டது இந்தச் செவிலியர் மாணவியரின் உடலில் கிடைத்த சான்றால்தான் எனலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டென்மார்க்கு, நார்வே, சுவீடன் நாடுகளின் தொண்டு அமைப்புகளும் யுனிசெஃபும் இணைந்து நடத்திய பன்னாட்டுக் காசநோய் இயக்கம் அத்தடுப்பூசியை ஆசிய நாடுகளுக்குக் கொணர்ந்தபோது, 1948இல் இந்தியாவில் முன்னோடி முயற்சி தொடங்கிய இடங்களுள் மதனப்பள்ளியும் ஒன்று. யோஹன்னஸ் ஃபிரிமோட் மோலரின் குழு 1950 முதல் சுற்றுவட்டாரச் சிற்றூர் மக்களிடையே ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வு உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயிற்று. செவிலிய வேலை இப்போது வார்டை விட்டு வெளியேறி, வீடு வீடாகப் பெயர் பதிந்து, தோலில் ஊசியிட்டு, மூன்றாம் நாள் திரும்பிவந்து தடிப்பை அளப்பதாக உருமாறியது. எதிர்ப்பும் குறைவில்லை; சென்னையில் ராஜாஜி 1955இல் பி.சி.ஜி.யை எதிர்த்து நூலே எழுதினார்.

இதற்கிடையே பணியாளர் அமைப்பும் மாறிவந்தது. சென்னை மாகாணத்தின் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் 1926இல் பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஆயினும் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946இல் வெளிவந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை, பதிவுபெற்ற செவிலியர் இந்தியா முழுதும் சுமார் 7,000 பேரே என்றும், 43,000 மக்களுக்கு ஒருவர் என்ற விகிதமே கிடைக்கிறது என்றும் கணக்கிட்டது. அதே ஆண்டில் வேலூரிலும் டெல்லியிலும் செவிலியத்தில் பட்டப்படிப்பு தொடங்கியது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்தும் பெண்கள் பெருமளவில் இத்தொழிலுக்கு வரத் தொடங்கியிருந்தனர். விடுதலைக்குப் பின் வெளிநாட்டு மேட்ரன்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற, அவர்களின் இடங்களில் இந்தியப் பெண்கள் அமர்ந்தனர்.

சானடோரியத்தின் அடித்தளத்தை அசைத்தது அரசியல் மாற்றமன்று, மருந்து. 1944இல் ஸ்டிரெப்டோமைசினும், அடுத்துப் பி.ஏ.எஸ்., 1952இல் ஐசோனியாசிடும் வந்தபின், நோயாளியை மலையடிவாரத்தில் படுக்கவைக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 1956இல் சென்னையில் அமைக்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் ஓய்வோடும் நல்லுணவோடும் வைத்தும், மற்றவரை நெரிசலான தம் வீடுகளிலேயே இருத்தியும், இரு சாராருக்கும் ஒரே மாத்திரைகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. 1959இல் வெளியான முடிவு, இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என்றும், வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்றும் காட்டியது. அரை நூற்றாண்டு மெருகேறிய ஓய்வு, காற்று, உணவு ஆகிய நுட்பங்கள், மருந்து இருக்கும்போது அவ்வளவாகத் தேவையில்லை என்பது இதன் பொருள். ஆனால் அம்முடிவு சாத்தியமானதும் செவிலியரால்தான்: முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணி, சிறுநீரைச் சோதித்து, நோயாளி உண்மையிலேயே மருந்தை விழுங்குகிறாரா என்று உறுதி செய்யும் வேலை அவர்களிடமும் சுகாதாரப் பார்வையாளர்களிடமுமே விடப்பட்டது.

ஆரோக்கியவரம் மெல்லப் பொது மருத்துவமனையாகியது; மதனப்பள்ளியில் அவ்வளாகத்திலும் மேரி லாட் லைல்ஸ் மருத்துவமனையிலும் செவிலியர் கல்வி தொடர்கிறது. திருப்பதியில் 1960களில் அரசு மருத்துவக் கல்லூரியும் ரூயா மருத்துவமனையும் எழுந்தபின், மிஷன்கள் தனித்து வகித்த இடம் அரசுக்கும், திருமலை உண்டியல் பணத்தில் தேவஸ்தானம் நடத்தும் மருத்துவ நிறுவனங்களுக்கும் பெரிதும் மாறிப்போயிற்று. ஒரு காலத்தில் அமெரிக்கச் சிற்றூர்களின் காணிக்கையை நம்பி மேல்நாட்டுச் செவிலியரை வரவேற்ற இவ்வட்டாரம், இன்று செவிலியரை வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பிவைக்கிறது.