மூன்று சுழி

திருவண்ணாமலையை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளி. எவர்சில்வர் தட்டில் பரப்பிய ஆற்று மணலில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஆள்காட்டி விரலை ஓட்டுகிறாள்.

“எத்தனை சுழி, பாப்பா?”

“மூணு, டீச்சர். ண.”

புத்தகத்தில் ண, ன இரண்டும் அவளுக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. கண்ணுக்குப் பிடிபடாத சுழிகளை விரல் எண்ணிவிடுகிறது. ஆனால் விரல் போகும்போதே ஒலியும் வாயில் வரவேண்டும். அதுவும் தினமும், அவசரமில்லாமல்.

அந்த மணல் வந்த வழி நீளமானது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் முதலில் எழுதிப் பழகியது மணலில்தான். ஓலையும் எழுத்தாணியும் பிறகு. எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், அப்படியொரு பள்ளியைப் பார்த்துவிட்டுத் தன் இல்லத்திலும் மணலைப் பரப்பினார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு மணல் தட்டு இங்கிலாந்துப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. இங்கே சிலேட்டு வந்தது. மணல் பழைய பஞ்சாங்கமானது.

இதே அண்ணாமலையில், 1902 வாக்கில், மௌனமாயிருந்த ரமணர் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவரின் கேள்விகளுக்கு மணலில் விரலால் எழுதிப் பதில் சொன்னார். ‘நான் யார்?’ அப்படிப் பிறந்த நூல். இந்த ஊர் மண்ணுக்கு எழுத்து புதிதல்ல.

விரலால் எழுத்தறியும் வழிக்கு ரோமில் இன்னொரு கிளை. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடு பழகிக் கற்றதை வைத்து, 1907இல் தொடங்கிய தன் குழந்தைகள் இல்லத்தில் மரியா மாண்டிசோரி உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். 1939இல் அவர் அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்த, அந்தச் சொரசொரப்பான எழுத்து மதராஸுக்கு வந்து சேர்ந்தது.

இந்தச் சிறுமியைப் போல எழுத்துகள் குழம்பும் பிள்ளைகளுக்கான மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தொடங்கியது 1991இல்தான். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டுக்கு இடமில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதைப் பட்டியலில் சேர்த்தது. அதுவரை வகுப்பறை அதற்கு வைத்திருந்த பெயர் ‘மக்கு’. எத்தனை பிள்ளைகள் அந்தப் பெயரோடு பள்ளியை விட்டுப் போனார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

டீச்சர் இப்போது மலையின் பெயரையே சொல்கிறார். அவள் ‘அ’ எழுதுகிறாள். ‘ண்’ணுக்கு மூன்று சுழி, புள்ளி. ‘ணா’வுக்கு மறுபடி மூன்று. தட்டில் இடம் தீர்ந்துவிட்டது. எழுதியதைக் கலைக்க மனமில்லாமல், கொஞ்சம் மணலை அள்ளித் தரையில் பரப்பி, ‘மலை’யை அங்கே எழுதுகிறாள்.