சங்கிலியும் ஒரு துளி எண்ணெயும்

1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பார் அமைத்த ‘றோவர்’ துவிச்சக்கரவண்டி, சங்கிலியாற் பின்சில்லை இயக்கிற்று. முன்னைய உயர்சில்லு வண்டியில் மிதிகட்டை முன்சில்லோடு நேரே பிணைந்திருந்தது; விரைவு வேண்டின் சில்லைப் பெருப்பித்தல் வேண்டும்; தலைகீழாய் விழும் அச்சமும் உடனிருந்தது. சங்கிலி வந்தபின் சில்லுச் சிறுத்தது; அச்சமுங் குறைந்தது.

ஆயினும் பழைய சங்கிலிகள் விரைவில் தேய்ந்தன. ஆணியின் சுமையை மெல்லிய தகடுகளே தாங்கியமை அதற்குக் காரணம். சுவிற்சர்லாந்திற் பிறந்து மன்செஸ்ரரில் தொழில் நடத்திய ஹான்ஸ் றெனோல்ட், 1880இலேயே அதற்குப் பரிகாரங் கண்டிருந்தார். ஆணியைச் சூழ ஒரு குழல், குழலின்மேல் ஓர் உருளை என அவர் அமைத்தார். சுமை அகன்ற பரப்பிற் பரவிற்று. இன்றைய சங்கிலி அதன் வழிவந்ததே.

ஆனால், ஆணியுங் குழலும் உராயுமிடம் கண்ணுக்குப் புலனாகாது. எண்ணெய் சேரவேண்டியது அங்கேயே. புறத்தே மிகுந்த எண்ணெயோ புழுதியை ஈர்த்து, அரைக்கும் பசையாகி, இரும்பைத் தின்னும். வூல்வர்ஹம்ற்றனில் ஜோன் மாஸ்ரன் தமது ‘சன்பீம்’ வண்டிகளின் சங்கிலியை எண்ணெய்ப் பெட்டிக்குள் அடைத்ததன் பொருள் இதுவே. பெட்டியில்லா வண்டிக்கு ஓட்டுபவன் கையே காவல். மண்ணெண்ணெயாற் கழுவி, நன்குலர்த்தி, உருளைதோறும் ஒரு துளி விட்டு, மிகுதியைத் துணியாற் துடைத்தல் வேண்டும்.

1990இன் பின் எரிபொருள் தடைப்பட்ட ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து மக்களையும் அவர்தம் சுமைகளையும் தாங்கியது துவிச்சக்கரவண்டியே. மண்ணெண்ணெயும் அரிதாகிய அந்நாட்களில், ஒரு துளியின் பெறுமதியை அம்மண் நன்கறிந்தது.